வைகுந்தம் சுங்கச்சாவடி

நாசிக்கில் ஏற்றிய வெங்காயம்
தார்ப்பாய்க்குள் வியர்க்கத் தொடங்குவது
தொப்பூர் இறக்கத்தில்.
இரண்டாம் கியரில் உயிரைப் பிடித்துக்கொண்டு இறங்கி
சேலம் பைபாஸில் ஒரு மிஸ்டு கால்.
சாந்தாமணி அடுப்பைப் பற்றவைப்பாள்.

செத்தவன் போகிற ஊர்ப் பெயர்
எங்கள் பக்கத்துச் சாவடிக்கு.
"வைகுந்தத்துக்கே ரசீது போட்டுத்தான் விடறானுங்க"
என்று ஒவ்வொரு டிரைவரும்
தானே கண்டுபிடித்ததுபோல் சொல்வான்.
நானும் சொல்லியிருக்கிறேன்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் என் வீடு.
பால் சொசைட்டிக்குப் பின்னால், தகரம் போட்டது.
பாலத்துச் சுவர் மறைக்காவிட்டால்
கேபினிலிருந்தே வாசல் பல்பு தெரியும்.

ரொக்கம் கட்டிய காலத்தில்
முப்பது நாற்பது லாரி முன்னால் நிற்கும்.
எந்த வரிசை நீளமோ
அதில் கொண்டுபோய் மூக்கை நுழைப்பேன்.
பக்கத்தில் காலியாய்க் கிடக்கிறதே, கிறுக்கா என்று
ராஜஸ்தான் வண்டிக்காரன் ஒருவன்
தலையில் அடித்துக்கொண்டான்.
அந்நேரம் கிளீனர் பக்கக் கதவைத் திறந்து
அவள் ஏறிக்கொண்டிருந்தாள்,
தூக்குப்போசியில் அரிசியும்பருப்பும், மேலே நல்லெண்ணெய்.
பின்னாலேயே மகள் தாரணிகா.
என் சட்டையை முகர்ந்து "வெங்காயம்" என்பாள்.
குண்டூர் மிளகாய் என்றால்
சொல்லுக்கு முன்னால் தும்மல்.
அவள் எண்ணப் படித்தது அங்கேதான்.
"முன்னால பதினேழு இருக்குதுப்பா."
எண்ணிக்கை குறையக் குறையக் குரலும் இறங்கும்.

குடும்பம் நடத்த அரைமணி போதும்.
ஏலச்சீட்டை எடுப்பதா வேண்டாமா,
மாட்டுக்குச் சினை நிற்காதது,
அவள் தம்பிக்கு நான் கொடுக்காத பணம்.
ஒருமுறை சண்டை பாதியில் கட்டை தூக்கிவிட்டது.
மிச்சத்தைச் சங்ககிரிப் பிரிவு வரை போட்டு முடித்துவிட்டு
இறங்கி டவுன் பஸ்ஸில் திரும்பினாள்.
டிக்கெட்டுக்குக் காசும் என்னிடமே வாங்கிக்கொண்டு.

பிறகு கண்ணாடியில் டேக் ஒட்டினார்கள்.
நாலு நொடி. ஒரு பீப். கட்டை மேலே.
டீசல் மிச்சம் என்றார் முதலாளி.
டேஷ்போர்டுக்கு அடியில் அவரும் ஒன்று பொருத்தினார்.
ஐந்து நிமிடம் நின்றால் போன் வரும்:
"ஏனுங், வண்டி நிக்குதுங்களா, நீங்க நிக்கறீங்களா?"
விடியும் முன் எர்ணாகுளம் மண்டி.

ஆனால் ஆள் நடக்கிற வேகத்தை
அந்தக் கருவி ஓட்டம் என்றே கணக்கு வைக்கிறது.
கண்டுபிடித்தவள் சாந்தாமணி.
சாவடி தாண்டி, கழிப்பிடத்து விளக்கு வரை
நூற்றிருபது எட்டு.
முழுப் போசி மேலே வரும், காலிப் போசி கீழே போகும்.
சக்கரத்தோடு நடந்துகொண்டே சொல்வாள்.
மாடு கன்னு போட்டிருச்சு.
பாப்பா கணக்குல தொண்ணூறு.
மெலிஞ்சுட்டீங்க.
முதல் நாள் செருப்பு அறுந்து பாதியில் நின்றுவிட்டாள்.
பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.
கையை ஆட்டவில்லை.
அறுந்த செருப்பைத் தூக்கிக் காட்டினாள்.

போன ஆவணியில் ஒரு ராத்திரி
இடி விழுந்ததோ என்னவோ
சாவடிக் கருவிகள் மொத்தமும் செத்துக் கிடந்தன.
கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு விளக்கு.
மகளுக்குப் பரீட்சை.
சாந்தாமணி மட்டும் ஏறி உட்கார்ந்தாள்.
நூற்றிருபது எட்டுக்குள் கத்தரித்துக் கத்தரித்து
பேச்சு ஐந்து வாக்கியத்தில் தீர்ந்துபோனது.
ஆறாவது எங்கே தொடங்கும் என்று
இருவருக்குமே தெரியவில்லை.
போசியை மடியில் வைத்தபடி
அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள்.
வாய் லேசாகத் திறந்திருந்தது.
அவள் தூங்கிப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

பின்னால் காதைக் கிழிக்கிற ஹாரன்.
முதலாளி போன் இரண்டு முறை அதிர்ந்தது.
முன்னால் பதினொன்று இருந்தது.
ஏழு.
மூன்று.
கைக்கருவியோடு ஒரு பையன் வந்தான்,
கண்ணாடியில் வைத்து வைத்து எடுத்தான்.
"டேக்குல காசு இருக்குதுங்களாண்ணா?
படிக்கவே மாட்டேங்குது."

"இருக்குதுப்பா.
நீ நிதானமாப் பாரு."